மங்கிப்போன பஸ்

நைரோபியில், ங்கோங் சாலை டயர் கடை ஒன்றின் மாடியில், ஆறு பேர் சேர்ந்து மட்டாட்டு எனப்படும் அந்த ஊர்த் தனியார் பஸ்களின் பந்தய விளையாட்டு ஒன்றைக் கம்ப்யூட்டருக்காகத் தயாரித்துக்கொண்டிருந்தார்கள். பஸ்ஸின் உடம்பெல்லாம் படம் வரைந்தவன் ஒடேரா. ஏரியில் வலை வீசுகிறவர்களை நூல் நூலாக வரைந்திருந்தான். வேகம் தெரிவதற்காகச் சாலையும் கடைகளும் இழுபட்டு மங்கும்படி நிரல் எழுதியவள் நெகேசா. சாலை மங்க வேண்டும். பார்வை கூடவே போகிற பஸ் மங்கக் கூடாது. ஆனால் பஸ்ஸும் சேர்ந்து மங்கியது.

"பஸ்ஸு ஏன் தண்ணியில கரைஞ்ச மாதிரி இருக்கு?" என்று கேட்டாள் முதலாளி செரோப்.

நெகேசாவுக்குக் காரணம் தெரியவில்லை. அதை ஒப்புக்கொள்ள வாய் வரவில்லை. "படத்துல நுணுக்கம் ஜாஸ்தி. வேகத்துல எல்லாம் கலந்துடுது," என்றாள்.

"அவ சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றான் ஒடேரா. மூன்று மாத வேலையை ஒதுக்கிவிட்டு, வெறும் வண்ணப் பட்டைகளாக வரைந்து கொடுத்தான். மங்கல் அவ்வளவாகத் தெரியவில்லை.

"இவ்வளவுதான் வேணும்னா மீதி பஸ்ஸையெல்லாம் வெளி ஆள்கிட்டயே வரைஞ்சு வாங்கிடலாமே," என்ற செரோப், அவனைத் திரையில் அழுத்துகிற பொத்தான்கள் வரைய அனுப்பிவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை நெகேசா தன் தவறைக் கண்டுபிடித்தாள். முந்தைய நொடியில் பஸ் எங்கே இருந்தது என்பதை அவள் கணக்கில் சேர்க்கவே இல்லை. கடைகளைப் போல நின்ற இடத்திலேயே நிற்கிற பொருளாக நினைத்துக் கம்ப்யூட்டர் அதையும் இழுத்திருக்கிறது. ஒரே வரியில் சரியாகிவிட்டது. ஒடேராவின் பழைய பஸ்ஸை ஏற்றி ஓட்டிப் பார்த்தாள். சாலை பறந்தது, வலையின் நூல்களை எண்ணலாம் போலிருந்தது. திரையை அணைத்துவிட்டு யாரிடமும் சொல்லாமல் வீட்டுக்குப் போனாள்.

புதன்கிழமை மதியம் ஒடேரா தன் தட்டை அவள் பக்கம் நகர்த்தினான். "என்ன, மூஞ்சி தொங்குது? சப்பாத்தி எடுத்துக்கோ. உனக்குன்னு ஒண்ணும் வாங்கல, ரொம்பப் பெருமைப்படாத."

அவள் சாப்பிட்டாள்.

வெள்ளிக்கிழமை எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாள். செரோப், "வெளி ஆளோட ஒப்பந்தத்துல நேத்துதான் கையெழுத்துப் போட்டேன். ஒரு நாள் முன்னாடி சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பேன்," என்றாள்.

மாடிப்படியில் ஒடேரா கேட்டான். "உனக்கு எப்போ தெரிஞ்சுது?"

"செவ்வாய்க்கிழமை."

"புதன்கிழமை என் தட்டுல சாப்பிட்டியே."

அவள் அவனுக்கு வழிவிட்டு ஒதுங்கினாள்.

"கணக்குல தப்பு யாருக்கும் வரும் நெகேசா. அதுக்கு நான் கோவப்படல," என்று சொல்லி இறங்கிப் போனான்.

மாதக் கடைசியில் அவன் விளம்பரக் கம்பெனி ஒன்றில் சேர்ந்துவிட்டான். நெகேசா செரோப்பிடம் மன்றாடி, அவனுடைய பழைய பஸ்ஸையாவது விளையாட்டில் சேர்க்க வைத்தாள். அதைச் சொல்ல இரண்டு முறை போன் செய்தாள்; அவன் எடுக்கவில்லை. மூன்றாம் முறை எடுத்தான். "வேலையில இருக்கேன், அப்புறம் பேசறேன்," என்றான். குரலில் கோபம் இல்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அவன் திரும்பக் கூப்பிடவில்லை. நான்காம் முறை கூப்பிட அவளுக்கும் துணிவு வரவில்லை.