சலேமோவின் தூண்

எங்கள் ஊர் சபை வீட்டில் ஒவ்வொரு தலைவருக்கும் ஒரு தூண். பட்டம் உள்ளவன்தான் அதில் முதுகு சாய்க்கலாம். என் மாமா சலேமோ செத்து நாற்பது நாள்தான் ஆகிறது. ‘சலேமோ’ என்ற அந்தத் தலைவர் பட்டம் அடுத்து யாருக்கு என்று குடும்பம் இன்னும் கூடிப் பேசவேயில்லை. அதற்குள் அவர் மகன் ஃபெரெதி ஆக்லாந்திலிருந்து வந்திறங்கி, அப்பன் தூணில் ஜம்மென்று சாய்ந்துகொண்டான்.

எனக்கு வயிறு எரிந்தது. பன்னிரண்டு வருடம் மாமாவுக்கு அடுப்பு மூட்டியவன் நான், கடைசியில் மலம் அள்ளியவனும் நான். பட்டம் எனக்குத்தான் வரும் என்று விருந்துக்கு ஒரு பன்றிகூட வளர்த்து வைத்திருந்தேன்.

சபையில் கவா என்னும் வேர்ச்சாற்றுக் கிண்ணம் யாருக்குப் போகிறது என்று பட்டப்பெயரைக் கூவுவது என் வேலை. நான் ‘சலேமோ’ என்று கூவி அவன் குடித்துவிட்டால் பட்டம் அவனுக்கென்று ஆகிவிடும், கதை முடிந்தது.

"டேய் மொசே, தொண்டைய நல்லா கனைச்சுக்க. எம்பேரு கணீர்னு வரணும்," என்றான் ஃபெரெதி.

"அப்பன் படுக்கையில கெடந்தப்ப ஒரு தடவ எட்டிப் பாத்தியாடா நீ?"

"அடுப்பூதத்தான் நீ இருந்தியே!"

இரண்டு கிண்ணம் போயிற்று. மூன்றாவது சலேமோவுக்கு. நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். கிண்ணக்காரன் நடுவீட்டில் நின்றான். ஃபெரெதிக்குப் பொறுக்கவில்லை.

"கூவேன்டா! சலேமோ! நாந்தான்டா சலேமோ!"

தன் பட்டத்தைத் தானே கூவிக்கொள்ளும் மானங்கெட்ட வேலையை இந்த ஊர் பார்த்ததில்லை.

"எந்திரி," என்றார் சபையின் பேச்சாளர். "வெளிய போ."

அவன் தலை குனிந்து போனான். நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. பேச்சாளர் என் பக்கம் திரும்பினார்.

"நீ என்ன பல்ல காட்டுற? சலேமோ தூணு காலியா இருக்குன்னு சொல்லிட்டு அடுத்த பேரக் கூவ வேண்டியதுதான? ஒன் ஆத்திரத்துக்குச் சபையக் காக்க வெப்பியா? பெரிய பன்னி ஒண்ணு தண்டம். இன்னைக்கே."

"ஐயா, எங்கிட்ட இருக்கிறது ஒண்ணே ஒண்ணுதான்..."

"தெரியும். அதான் கேட்டேன்."

அறுத்தேன். கல் அடுப்பில் நானே வேகவைத்தேன். தலைவர்களுக்கு அவரவர் பங்கை வைத்துக்கொண்டே வந்து, சலேமோவின் பங்கோடு நின்றேன்.

"தூணுக்கு வை," என்றார் பேச்சாளர்.

என் விருந்துக்கென்று வளர்த்த பன்றியின் இடுப்புக்கறியை அந்தக் காலி இடத்தில் வைத்துவிட்டு, குனிந்தபடியே அடுப்படிக்குத் திரும்பினேன்.