உட்கார்ந்தபடி எடுத்த அளவு

மாஸ்டர் விழுந்தது ஸ்டூலிலிருந்து. சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் கிடந்தவன் லாரியில் அடிபட்டவன். எதிர்க் கட்டில்காரர் மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தவர். அவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொள்ள ஒரு கதையாவது இருந்தது. மாஸ்டருக்கு இருந்தது முழங்கால் உயர ஸ்டூல் ஒன்று. மேல்தட்டிலிருந்து சாம்பல் நிறத் துணிக்கட்டை எடுக்கப் போனார், ஸ்டூலின் ஒரு கால் ஆடியது, மேஜை விளிம்பில் முதுகு மோதியது. இடுப்புக்குக் கீழே அன்றோடு எல்லாம் நின்றுபோனது.

பார்க்க வந்தவர்கள் பழம் வாங்கி வந்தார்கள், கூடவே ஆறுதலும் கொண்டு வந்தார்கள். "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுன்னு நெனைச்சுக்கங்க மாஸ்டர்" என்றார் ஒருவர். மாஸ்டருடைய தலைப்பாகை இடுப்பில் தொடங்கிப் பாதம்வரை நீண்டிருந்ததை அந்த மனிதர் யோசிக்கவில்லை. ஆறுதல் சொல்ல வருகிறவர்களுக்கு யோசிக்க ஏது நேரம், பஸ்ஸைப் பிடிக்க வேண்டாமா? மாஸ்டர் எல்லோருக்கும் தலையாட்டினார். அவருக்குக் கோபமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. கால் மரத்ததற்கு டாக்டர் காரணம் சொன்னார், எலும்பு, நரம்பு என்று படம் போட்டே காட்டினார். மனசு மரத்ததற்கு யாரும் படம் போடவில்லை.

அவர் பேன்ட் தைக்கிற கடை வைத்திருந்தார். மாஸ்டர் வெட்டுவார், மனைவியின் தம்பி தைப்பான். வெட்டத் தெரிந்தவன்தான் அந்தத் தொழிலில் மாஸ்டர். தைக்கிறவன் தலை நரைக்கும்வரை தைத்தாலும் தைக்கிறவன்தான். அப்படி ஒரு அநியாயம் அங்கே உண்டு. மாஸ்டர் வெட்டும் பேன்ட்டுக்கென்று தனிப் பெயர் இருந்தது. பின்பக்கத் தையலில் உள்ளே தாராளமாகத் துணி விட்டிருப்பார். தொப்பை போட்டவன் திரும்பி வந்தால் பிரித்து விட்டுக் கொடுப்பார். மற்ற கடைகளில் மிச்சம் பிடிக்கும் துணியை அவர் பேன்ட்டுக்குள்ளேயே விட்டு வெட்டினார்.

சக்கர நாற்காலியில் கடைக்குத் திரும்பிய அன்று மேஜை அவர் நெஞ்சு மட்டத்துக்கு வந்தது. கத்திரியைத் தூக்கிப் பிடித்தால் தோள் கடுத்தது. துணியின் மறுகரை எட்டவில்லை.

"மாமா, மேஜைக் கால அறுத்துக் கொஞ்சம் எறக்கிடலாமா?" என்று மைத்துனன் கேட்டான்.

"அறுத்துட்டு? நாளைக்கு நான் எந்திரிச்சப்புறம் கூனிக்கிட்டே வெட்டவா?"

இனி எழுந்து நிற்க முடியாது என்று டாக்டர் சொன்னபோது மாஸ்டர், மனைவி, மைத்துனன் மூவரும் ஒரே அறையில்தான் இருந்தார்கள். மூவர் காதும் நன்றாகவே கேட்கும். ஆனாலும் மேஜைக் காலை யாரும் தொடவில்லை. மாஸ்டர் ஒரு மூலையில் உட்கார்ந்து பட்டன் வைத்தார், ஹூக் வைத்தார், பேன்ட் கால் ஓரத்தை மடித்துத் தைத்தார். கத்திரி ஆணியில் தொங்கியது.

கால் எப்படி இருக்கிறது என்று கேட்கும் வாடிக்கையாளர்களுக்கு ஒரு பதில் வைத்திருந்தார். "இருக்காங்க ரெண்டு பேரும். வாடகை குடுக்கறதில்ல, காலி பண்ணவும் மாட்டேங்கறாங்க." அவர்கள் சிரித்துவிட்டுப் போவார்கள். அவர் சிரிப்பதில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது நர்ஸம்மா அவருக்கு இரண்டு வேலை கொடுத்திருந்தாள். அடிக்கடி கையை ஊன்றி உடம்பைத் தூக்கிக் கொடுக்க வேண்டும். தினமும் காலையில் கைக்கண்ணாடி வைத்துப் பின்பக்கம் எங்கேயாவது சிவந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். "வலிச்சா ஒடம்பு உங்களக் கூப்பிடும். இனிமே அது கூப்பிடாது. நீங்கதான் போய்ப் பாக்கணும்" என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்.

முதல் வேலையை ஞாபகம் வந்தபோதெல்லாம் செய்தார். இரண்டாவதை ஒரு நாளும் செய்யவில்லை. நான் பார்க்கிறேன் என்று வந்த மனைவியை "நானே பாத்துக்கறேன், போ" என்று வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திக்கொண்டார். துடைப்பது, உடுத்துவது எல்லாவற்றையும் கண்ணைச் சுவரில் வைத்துக்கொண்டே கற்றுக்கொண்டார். கைக்கண்ணாடி தலையணைக்கடியில் கவிழ்ந்தே கிடந்தது.

"பாத்தீங்களா?" என்று தினமும் கதவுக்கு வெளியிலிருந்து மனைவி கேட்பாள்.

"பாத்தாச்சு."

பயம்தான், வேறென்ன? பார்க்காதவரை பேன்ட்டுக்குள் இருப்பது அவருடைய பழைய கால்கள். பார்த்துவிட்டால் இப்போது இருப்பவை. இத்தனை நாளும் அவர் கட்டிக் காத்த ஒரே சொத்து அந்தப் பார்க்காமல் இருப்பதுதான். நர்ஸம்மா சொன்ன தொளதொள பைஜாமாவையும் வேண்டாம் என்றார். தலையணை உறையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போக நான் என்ன தலையணையா என்று கேட்டார். தானே வெட்டிய பழைய பேன்ட்டுகளையே போட்டுக்கொண்டார்.

ஒரு காலையில் மனைவி நாற்காலி மெத்தையின் உறையைத் துவைக்க உருவினாள். நடுவில் கறை இருந்தது.

"டீய கீழ கொட்டிட்டீங்களா?"

"இல்லையே."

அவள் உறையை மூக்கருகே கொண்டு போனாள். அடுத்த நிமிஷம் அறைக்குள் வந்து, அவர் போ போ என்று சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ளாமல், கட்டிலில் அவரைப் புரட்டிப் பேன்ட்டை இறக்கினாள். விழுந்த நாளிலிருந்து அவள் அவரிடம் குரல் உயர்த்தியதில்லை. அத்தனை நாள் சேர்த்து வைத்ததெல்லாம் மொத்தமாக வந்தது.

"பாத்தாச்சு பாத்தாச்சுன்னு தெனமும் சொன்னீங்களே, எதைப் பாத்தீங்க? செவத்தையா? தன் முதுகு தனக்குத் தெரியாதுன்னுதான ஒருத்தி கூடவே இருக்கா? என்னை எதுக்கு வெளிய நிக்க வச்சீங்க? நான் யாரு, பக்கத்து வீட்டுக்காரியா? நாத்தம் வர்ற வரைக்கும் விட்டு வச்சிருக்கீங்களே, எனக்குன்னு வேற யாரு இருக்கா?"

அவர் முகம் தலையணையில் புதைந்திருந்தது. "எவ்ளோ பெருசு?" என்று கேட்டார்.

"நீங்களே பாருங்க." கைக்கண்ணாடியை எடுத்துப் பின்னால் பிடித்தாள். அவர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். அவள் கண்ணாடியைக் கட்டிலில் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதாள். அந்த அழுகை காதில் விழுந்தது, உள்ளே எங்கேயும் போய்ச் சேரவில்லை. அதுதான் அவருக்கே பயமாக இருந்தது.

நர்ஸம்மா வந்து புண்ணைக் கழுவினாள். வால் எலும்புக்கு மேலே ஒரு விரல் போகிற அளவுக்குப் பள்ளம். "எலும்பு வரைக்கும் போகல. போயிருந்தா உசுருக்கே உத்தரவாதம் கெடையாது" என்றாள். பிறகு கழற்றிப் போட்டிருந்த பேன்ட்டை உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டிப் பார்த்தாள்.

"யாரு தைச்சது?"

"நான்தான் வெட்டுனேன்" என்றார் மாஸ்டர். பழக்கதோஷம், அந்த நிலைமையிலும் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

"நல்ல வேலைதான்." பின்பக்கத் தையலில் தாராளமாக விட்டிருந்த துணி, இரண்டு பக்கமும் மடிந்து, கெட்டியாகி, ஒரு கயிறுபோல ஓடியதை அவள் கட்டை விரலால் தடவிக்கொண்டே வந்தாள். ரத்தம் காய்ந்திருந்த இடத்தில் விரல் நின்றது. அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

ஊருக்கெல்லாம் பெருந்தன்மையாக விட்ட துணி. அதன் மேலேயே மாசக்கணக்கில் உட்கார்ந்திருந்தார். வெட்டிய கை அவருடையது, பார்க்காத கண்ணும் அவருடையது. இதில் ஸ்டூலைக் குறை சொல்ல இடமில்லை. அன்றைக்கு முதல்முறையாக ஏதோ ஒன்று அவருக்கு உறைத்தது. துக்கம் இல்லை, அவமானம். ஒன்றுமே இல்லாததற்கு அது பரவாயில்லை.

ஆறும்வரை உட்காரக் கூடாது, குப்புறப் படுக்க வேண்டும் என்று உத்தரவாயிற்று. குப்புறப் படுத்தவனுக்கு உலகம் என்றால் தரைதான். யாருடைய செருப்பு எந்தப் பக்கம் தேய்கிறது என்று மாஸ்டருக்குத் தெரிந்துபோனது. மனைவி தினமும் கட்டு மாற்றினாள். கதவைச் சாத்தச் சொல்லும் உரிமை அவருக்குப் போய்விட்டது. "இன்னிக்கு ஓரத்துல செவப்பா புதுச் சதை வருது" என்பாள். "இன்னிக்கு அப்படியேதான் இருக்கு" என்பாள். அவர் தரையைப் பார்த்தபடி ம் என்பார். நாளாக நாளாக, அவள் சொல்ல மறந்தால் "என்ன, ஒண்ணும் சொல்லல?" என்று கேட்கத் தொடங்கினார்.

கடையில் மைத்துனன் தானே வெட்டிப் பார்த்தான். அவன் வெட்டிய பேன்ட்டுகள் போன வேகத்தில் திரும்பி வந்தன. ஒருவர் உட்கார்ந்ததும் கிழிந்ததாம், அதுவும் ஆபீஸ் மீட்டிங்கில். அவர் பேசிய பேச்சைக் காதில் வாங்கிக்கொண்ட மைத்துனன், அன்றே துணியும் கத்திரியுமாக வீட்டுக்கு வந்து நின்றான். அவன் செருப்பு தயங்கித் தயங்கி முன்னால் வந்தது.

"மாமா, மூஞ்சி கீழ பாத்துதான இருக்கு? கையும் சும்மாதான இருக்கு?"

"அதுக்கு?"

அவன் கட்டிலின் தலைமாட்டில் ஒரு தாழ்ந்த பெஞ்சைப் போட்டு அதில் துணியை விரித்தான். நெஞ்சுக்கடியில் இரண்டு தலையணை கொடுத்தான். மாஸ்டர் முழங்கையை ஊன்றி எட்டிப் பார்த்தார். துணி நேர் கீழே கிடந்தது, மறுகரை வரைக்கும் கை போனது. சாக்பீஸால் கோடு போட்டார். மாசக்கணக்கில் அவர் கை படாத கத்திரி துணிக்குள் இறங்கிப் போனது. சந்தோஷம் என்று சொல்ல முடியாது. வெகு நாளைக்குப் பிறகு பசி எடுத்த மாதிரி இருந்தது.

வெட்டி முடித்ததும் தரையைப் பார்த்தே சொன்னார். "அந்த மேஜைக் கால அறுத்துடு."

மைத்துனன் அடுத்த நாள் காலையில் ரம்பத்தோடு கடைக்குப் போனான்.

புண் ஆறுவதற்கு அவர்கள் நினைத்ததைவிட அதிக நாள் பிடித்தது. நர்ஸம்மா கொஞ்சம் கொஞ்சமாக உட்கார அனுமதித்தாள். இனி அந்தப் பேன்ட்டுகளைத் தொடவே கூடாது என்று சொல்லிவிட்டுப் போனாள். மாஸ்டர் தொளதொள பைஜாமாவில் உட்கார்ந்து இரண்டு நாள் யோசித்தார். இத்தனை வருஷமும் வந்தவர்களையெல்லாம் நிற்க வைத்தே அளவெடுத்தவர் அவர். நேரா நில்லுங்க, கீழ குனியாதீங்க என்பார். ஆனால் உட்கார்ந்தே இருப்பவனுக்கு வேண்டியது வேறு பேன்ட். பின்பக்கம் உயரம் கூட வேண்டும், முன்பக்கம் குறைய வேண்டும், முழங்காலில் வளைய வேண்டும். உட்காரும் இடத்தில் தையலே கூடாது, ஒரே துணியாகப் போக வேண்டும். அப்படி ஒன்று வெட்ட முடியும் என்று அவருக்குத் தோன்றியது.

"டேப்ப எடுத்துட்டு வா" என்றார் மனைவியிடம். "எனக்கு அளவெடுக்கணும்."

"எனக்கு என்ன தெரியும்? தம்பி வரட்டுமே."

"நான் சொல்றேன். நீ சுத்திப் பிடிச்சுப் படி, போதும்."

அவள் முதலில் இடுப்பைச் சுற்றிப் பிடித்தாள். அவர் பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதினார்.

"நாப்பது."

"அவ்ளோவா?"

"குப்புறப் படுத்துக்கிட்டே ரெண்டு பேர் சாப்பாடு சாப்பிட்டா?"

அவர் உதடு கொஞ்சம் கோணியது. பின் உயரம் சொன்னாள், எழுதினார். முன் உயரம் சொன்னாள், எழுதினார்.

"தொடை."

அவள் நாற்காலிக்கு முன்னால் மண்டி போட்டாள். பைஜாமாவை மேலே ஏற்றினாள். அவர் வழக்கம்போலச் சுவரைப் பார்த்தார். டேப் ஒரு தரம் சுற்றிப் பிரியும் சத்தம் கேட்டது, மறுபடி சுற்றும் சத்தம் கேட்டது. பிறகு ஒரே மூச்சில், "இருபத்திரண்டு" என்றாள்.

பென்சில் தாளில் இறங்கவில்லை. வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு நிற்பவனை டேப் போடும் முன்பே கண்டுபிடிக்கிறவர் மாஸ்டர். பொய் அளவு எந்தக் குரலில் வரும் என்று அவருக்குத் தெரியாதா? இருபத்திரண்டு அவருடைய பழைய அளவு, நடந்த காலத்து அளவு.

"தப்பு. மறுபடி எடு."

"இருபத்திரண்டுதாங்க." டேப்பை உள்ளங்கைக்குள் சுருட்டிப் பிடித்திருந்தாள். "நான் சரியாத்தான் பாத்தேன்."

"பாத்தாச்சு" என்று அவர் இத்தனை நாளும் கதவுக்குள்ளிருந்து சொன்ன அதே தொனி. அவருக்கு அது புரிந்தது. அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இந்தப் பாவம் உள்ளே போய்ச் சேர்ந்தது.

"டேப்பக் குடு."

"வேணாங்க."

"குடும்மா."

சக்கரத்தைப் பூட்டினார். இடது கையால் நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தார். சுவரிலிருந்து கண்ணை எடுத்துக் கீழே பார்த்தார்.

வெளுத்த தோலும் அதற்குள் ஒரு எலும்பும்தான் இருந்தன. சதை தொங்கியது. யாருடையதோ என்று தள்ளிவிடலாம் போலத்தான் இருந்தது. ஆனால் முழங்காலுக்கு மேலே, பிறந்ததிலிருந்து இருக்கும் மச்சம் மட்டும் அதே அளவில் அதே இடத்தில் இருந்தது. மாஸ்டர் அந்த மச்சத்தை விரலால் தொட்டார். விரலுக்குத் தெரிந்தது, காலுக்குத் தெரியவில்லை. டேப்பைத் தொடைக்கடியில் விட்டு, சுற்றி இழுத்து, கட்டை விரலால் பிடித்தார். பள்ளிக்கூடப் பையன்களின் யூனிஃபார்முக்கு அவர் எழுதும் அளவு அது.

"பதினஞ்சரை" என்றார்.

தாளையும் பென்சிலையும் அவளிடம் நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள், எழுதவில்லை.

"எழுது."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதினாள். எழுத்து கொஞ்சம் கோணலாகப் போனது. மாஸ்டர் அதை எட்டிப் பார்த்துச் சரியாக இருக்கிறதா என்று படித்தார். நாற்காலியில் கையை ஊன்றி உடம்பை ஒரு முறை தூக்கிக் கொடுத்துவிட்டு, டேப்பை உதறி நேராக்கினார்.

"அடுத்த கால்" என்றார். "அந்தத் துணிய மேல ஏத்து. ரெண்டும் ஒரே அளவா இருக்காது."