இரண்டு பட்டன்களுக்கு நடுவே

எங்கள் முறை வர இன்னும் மூன்று ஜோடிகள் இருந்தன. அதற்குள் நான்கு தடவை தண்ணீர் குடித்தேன், இரண்டு தடவை கழிப்பறைக்கு ஓடினேன். இந்தப் பாடத்தில் ஏற்கெனவே ஒருமுறை கோட்டை விட்டவன் நான். இன்றும் தேறாவிட்டால் பையில் இருக்கும் வேலைக்கான கடிதம் வெறும் காகிதம்தான்.

செல்போன் செயலி உருவாக்கும் வகுப்பு. கணினி படிக்கிற ஒருவர், வடிவமைப்பு படிக்கிற ஒருவர் என்று ஜோடி சேர்த்துவிட்டார் மேடம். இருவருக்கும் ஒரே மதிப்பெண். அதோடு விட்டாரா? தேர்வில் என் ஜோடியாக வந்தவள் என் நிரலைப் பற்றிப் பதில் சொல்ல வேண்டும், நான் அவள் வரைந்த திரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எந்தப் புண்ணியவான் கொடுத்த யோசனையோ!

என் ஜோடிக்கு நான் வைத்த பெயர் அளவுகோல். எதையும் அளந்துதான் வைப்பாள். மாத்திரை நேரத்தை நினைவூட்டும் செயலி எங்களுடையது. ‘போட்டாச்சு’, ‘அப்புறம்’ என்று இரண்டே பட்டன். ஒன்றைத் திரையின் உச்சியிலும் மற்றதை அடியிலும் வரைந்திருந்தாள். நான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி வைத்தேன். எனக்கு அதுதான் சுலபம், பார்க்கவும் லட்சணமாக இருந்தது. மாற்றச் சொல்லி மூன்று முறை செய்தி அனுப்பினாள். ‘பார்க்கலாம்’ என்று பதில் போட்டேன். அதன்பிறகு மூன்று வாரமாகப் பேச்சே இல்லை.

கூப்பிட்டார்கள்.

இணையம் இல்லாவிட்டால் மணி அடிக்குமா, போன் அணைந்து எழுந்தால் என்ன ஆகும் என்று மேடம் அவளிடம் ஏழு கேள்விகள் கேட்டார். பிசகாமல் சொன்னாள். நான் எழுதியதை வரிவரியாகப் படித்திருக்கிறாள். எனக்குக் காது சுட்டது.

மேடம் என் பக்கம் திரும்பினார். "அவங்க படத்துல ரெண்டு பட்டனும் தள்ளித் தள்ளி இருக்கே. ஏன்?"

"அழகுக்கு, மேடம்."

"அவங்ககிட்ட கேட்டியா?"

கேட்டேன் என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அவள் பக்கத்திலேயே நின்றாள். "இல்ல மேடம்."

"இப்பக் கேளு."

வகுப்பே பார்க்கக் கேட்டேன்.

"அப்பாவுக்குக் கை நடுங்கும்," என்றாள். "அவருக்காகத்தான் வரைஞ்சேன். நீ செஞ்சதுதான் இப்ப அவர் போன்ல இருக்கு. ‘அப்புறம்’ அமுக்கப் போனா ‘போட்டாச்சு’ல விரல் பட்டுடுது. மணி திரும்ப அடிக்கறதில்ல. போன வாரம் ரெண்டு நாள் மாத்திரையே போடல. போட்டுட்டாருன்னு நாங்களும் இருந்துட்டோம்."

மேடம் மதிப்பெண் தாளை இழுத்து எழுதினார். தாள் எனக்குத் தெரியும்படிதான் இருந்தது. இருவரும் தேறவில்லை.

வெளியே வந்ததும் திட்டுவாள் என்று நின்றேன். கன்னத்தில் நாலு அறை விட்டாலும் வாங்கிக்கொண்டிருப்பேன், அவ்வளவு வெட்கம்.

"உன்னையும் சேர்த்துக் கவுத்துட்டேன்," என்றேன்.

அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு என் மடிக்கணினியைத் திறந்து என் கையில் திணித்தாள்.

"மார்க் கிடக்கட்டும். ரெண்டு மணிக்கு அப்பாவுக்கு மாத்திரை. அதுக்குள்ள பட்டனைத் தள்ளி வை."