ஊர் இல்லாத 1187

அங்குச்சாமியின் தரவுகள் பதினான்கு டெராபைட்டைத் தொட்டபோது, ஆய்வு நிலையத்தின் தாழ்வாரம் நாகமலை அடிவாரம் வரைக்கும் போய்விட்டது. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. டெராபைட்டுக்கு அரைக் கிலோமீட்டர் என்பது எல்லா இடத்திலும் நடப்பதுதான். கூட்டிப் பெருக்குகிறவர் மட்டும் சைக்கிள் கேட்டு மனுப் போட்டார்.

தாழ்வாரத்தின் இரண்டு பக்கமும் இழுப்பறைகள். மொத்தம் 3,112. ஒவ்வொன்றிலும் ஓர் அயிரை மீனின் மரபணு, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை. விரல் நீளம்கூட இல்லாத மீன் அது. மதுரைப் பக்கம் மற்றவர்கள் அதைக் குழம்பு வைத்துக்கொண்டிருந்த காலத்தில் அங்குச்சாமி ஆறு ஆறாக இறங்கிச் சேகரித்தார். அவருக்கும் அந்தக் குழம்பு பிடிக்கும். அது வேறு விஷயம்.

சேர்த்ததை உலகத்துக்குக் கொடுக்க வேண்டும் என்றுதான் சேர்த்தார். தரவுக் காப்பகம் வாங்க மறுத்தது. 1187ஆம் மீனுக்கு நேராக, பிடித்த ஊர் என்ற கட்டம் காலியாக இருந்தது. அந்த மீனைப் போட்டுவைத்த குப்பியின் சீட்டில் மட்டும் பென்சிலுக்குப் பதில் பேனாவால் எழுதித் தொலைத்திருந்தார். மீன் கெடாமலிருக்க உள்ளே ஊற்றிய சாராயம் கசிந்து ஊரின் பெயரைக் குடித்துவிட்டது.

காப்பகத்தின் எழுத்தர் ஜெயசீலி எல்லா இழுப்பறைகளையும் பூட்டிச் சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டார். கட்டம் நிரம்பினால்தான் சாவி. இழுப்பறைகளைத் திறந்து ஒப்பிட்டால்தான் கட்டம் நிரம்பும். இப்படியே பதினோரு வருடம் போனது. சும்மா மதுரை என்று போட்டுவிட்டுப் போங்கள் என்று சொல்லாத ஆளில்லை. அங்குச்சாமி போடவில்லை. மனுஷனுக்கு அந்த ஒரு விஷயத்தில் பிடிவாதம்.

இன்னொரு வழியும் இருந்தது. அவருடைய கட்டுரையின் கடைசி வரி, நியாயமான வேண்டுகோள் வந்தால் தரவுகள் தரப்படும் என்றது. உலகத்தில் பாதிக் கட்டுரைகளில் இருக்கிற வரிதான். ஆனால் அங்குச்சாமி அதை நம்பினார். திங்கட்கிழமைதோறும் வேண்டுகோள் வந்து உட்கார ஒரு நாற்காலியைத் துடைத்து வைத்தார். யாரும் வரவில்லை. அவருக்கு அது உள்ளூர வலித்தது.

இதற்கிடையே தாழ்வாரம் காலில் இடிக்கிறது என்று மலை மூன்று முறை புகார் எழுதிவிட்டது. இயக்குநர் ஒரு வெள்ளிக்கிழமையைக் குறித்தார். அன்று மாலை ஐந்துக்குள் காப்பகம் ஏற்காவிட்டால் பதினான்கு டெராபைட்டும் அழிக்கப்படும்.

அந்த வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்கு ஒரு பெண் வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். மெலிந்த உடம்பு. காலடியில் தரை நனைந்தது. கையில் ஒரு குடமும் ஒரு வரி எழுதிய காகிதமும் இருந்தன.

பதற்றத்தில் அங்குச்சாமி டீ சொல்லட்டுமா என்று கேட்டார்.

"பால் மட்டும் வேண்டாம் சார்" என்றாள் அவள். "தண்ணி குடுங்க."

அயிரையை உயிரோடு பாலில் விட்டு எடுத்துக் குழம்பில் போடுவது அந்தப் பக்கத்து வழக்கம். அங்குச்சாமி நாக்கைக் கடித்துக்கொண்டார். அவள் ஆறு செம்பு தண்ணீர் குடித்தாள். பெயரைக் கேட்டதற்கு 1187 என்றாள்.

காகிதத்தில், நான் எந்த ஊர் என்று தெரிய வேண்டும் என எழுதியிருந்தது. பென்சிலால்.

வேண்டுகோள் நியாயமா என்று பார்ப்பது ஜெயசீலியின் வேலை. அவர் அதைத் தராசில் வைத்தார். எதிர்த்தட்டில் அரைக் கிலோ படிக்கல். காகிதம் இருந்த தட்டு தடாலென்று கீழே போனது.

"காகிதம் ஈரமா இருக்கும்மா" என்றார் அங்குச்சாமி. இந்த நேரத்திலும் அவருக்கு நேர்மை.

"ஈரத்தைக் கழிக்கச் சொல்லி விதி இல்ல சார்."

சொல்லிவிட்டு ஜெயசீலி சாவிக்கொத்தை எடுத்து நீட்டினார்.

அவளும் அங்குச்சாமியும் தாழ்வாரத்தில் நடந்தார்கள். அவள் தன் இழுப்பறையைக் கழற்றி இடுப்பில் வைத்துக்கொண்டாள். குடத்தை அங்குச்சாமி தூக்கிக்கொண்டார். ஒவ்வொரு இழுப்பறையாகத் திறந்து தன்னுடைய எழுத்துகளோடு ஒத்துப் பார்த்தாள். இல்லை என்று தலையசைத்து மூடினாள். தாமிரபரணிக்காரர்கள் முடிந்தபோது மணி ஒன்று. சாப்பாட்டை நடந்துகொண்டே முடித்தார்கள். அவர் தயிர்ச்சாதம், அவள் பாசி.

நாலு நாற்பதுக்கு மலை தெரிந்தது. கடைசிக்கு முந்தின இழுப்பறையில் அவள் கை நின்றது. வெகுநேரம் படித்தாள். பிறகு அதன் விளிம்பில் கன்னத்தை வைத்துக்கொண்டாள்.

"இது எங்க அக்கா சார்."

இழுப்பறையின் மேல் ஊரின் பெயர் குருவித்துறை என்று இருந்தது. பென்சிலால் எழுதியது அழியாமல் அப்படியே இருந்தது. பதினோரு வருடத்துக் கனம் ஒன்று அங்குச்சாமியின் நெஞ்சிலிருந்து இறங்கியது. அவருக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது. அவள் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல இருந்தாள்.

"நீங்க சும்மா ஏதாச்சும் ஒரு ஊரைப் போட்டிருந்தா நான் வந்திருக்க மாட்டேன் சார். அந்த ஊருக்குப் போயி, யாரும் கண்டுக்கலையேன்னு நின்னிருப்பேன்."

அவர் பென்சிலைக் கொடுத்தார். அவளே கட்டத்தை நிரப்பினாள்.

ஏழு கிலோமீட்டர் திரும்பி வர நேரமில்லை. ஆகவே காப்பகம் அங்கே வந்தது. ஜெயசீலி மேசையோடு வந்திருந்தார். நாலு ஐம்பத்தெட்டுக்கு முத்திரை விழுந்தது. இனி யார் கேட்டாலும் கொடுக்கலாம்.

முதல் பிரதி அவளுக்கு. 3,112 இழுப்பறைகளையும் குடத்தில் கவிழ்த்துக்கொண்டாள். குடம் நிரம்பவில்லை. இழுப்பறைகளும் குறையவில்லை. அங்குச்சாமி இரண்டு முறை எண்ணிப் பார்த்தார். மலை கொஞ்சம் முனகிவிட்டு, காலை மடக்கிக்கொண்டது.

"அந்தப் பேனா இன்னும் வச்சிருக்கீங்களா சார்?"

அது பதினோரு வருடமாக அவர் சட்டைப்பையில்தான் இருந்தது. எடுத்துக் கொடுத்தார். அவள் அதையும் குடத்தில் போட்டு மூடிக்கொண்டு குருவித்துறைப் பேருந்தில் ஏறினாள். நடத்துநர் குடத்துக்குச் சீட்டுக் கேட்கவில்லை.

திங்கட்கிழமை காலை அங்குச்சாமி நாற்காலியைத் துடைக்கப் போனார். துடைக்க முடியவில்லை. யாரோ உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் வரிசை தாழ்வாரம் முழுக்க நின்றது. எல்லார் கையிலும் ஒரு வரிக் காகிதம். பாதிப் பேர் அயிரைகூட இல்லை. தரை பளபளவென்று நனைந்திருந்தது.

அவர் எல்லாரையும் வாங்க, உட்காருங்க என்றார். ஒரு செம்பு போதாதென்று அண்டா சொல்லி அனுப்பினார். பிறகு வாசலுக்குப் போய், பால்காரரிடம் இனிமேல் இந்தப் பக்கம் வர வேண்டாம் என்று சொன்னார்.