நாலு ஏக்கருக்கு ஒரு வரைபடம்

உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே நாலு ஏக்கர் விவசாயக் காட்டைப் பன்னிரண்டு வருசமாகக் கட்டி மேய்ப்பவள் மயிலாள்தான். கணவன் அழகுமலை திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவான்.

ஒரு ஞாயிறு தன் தம்பி திருமூர்த்தியையும் கூட்டிக்கொண்டு ஒரு வரைபடத்தோடு வந்தான். காட்டில் ஆடுகளுக்குக் காயும் நிழலும் தரும் வெள்வேல மரங்களைப் பிடுங்கிவிட்டு, வரப்பிலிருந்து வரப்புவரை, வெட்டி விற்க மலைவேம்பு வைப்பதாகத் திட்டம். நாற்றுப் பண்ணைக்காரர் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுத்ததாம். வெள்ளாடுகள் எங்கே மேயும் என்று கேட்டாள் மயிலாள். விற்றுவிடலாம் என்றான் கொழுந்தன். ஆடிக்காற்று மேற்கேயிருந்து அடிக்கும்போது மலைவேம்புக் கன்றுகளுக்கு எது மறைப்பு என்று கேட்டாள். அழகுமலை தாளைச் சுருட்டிக்கொண்டே, அதையெல்லாம் நாங்கள் பேசிக்கொள்கிறோம் என்றான்.

அவளுக்குக் காதுமடல் சுட்டது. மறுநாள் காட்டைக் காலடியால் அளந்து, காலண்டர் தாளின் பின்பக்கம் தானே வரைந்தாள். மேற்கு வரப்பில் இரண்டு வரிசை சவுக்கு. மேட்டுக்காடு இரண்டு ஏக்கரில் வெள்வேலமும் புல்லும் ஆடுகளுக்கு அப்படியே இருக்கும். கிணற்றடி ஒரு ஏக்கரில் தென்னை. மிச்சத்தில் மலைவேம்பு, இடையில் கொள்ளு. போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் கணவனுக்கு அனுப்பினாள். பார்த்துவிட்டான் என்று நீலக்கோடு காட்டியது. பதில் வரவில்லை.

வியாழக்கிழமை ரேசன் கடையிலிருந்து திரும்பியபோது காட்டில் ஜேசிபி நின்றது. பதினோரு மரங்கள் காயோடு சாய்ந்து கிடந்தன. மயிலாள் பையைப் போட்டுவிட்டு வண்டிக்கு முன்னால் போய் நின்றாள். டிரைவர் எஞ்சினை நிறுத்தினான். பட்டா அண்ணன் பேரில் இருக்கிறது என்றான் பக்கத்தில் நின்ற திருமூர்த்தி. மயிலாள் அழகுமலைக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"ஏனுங்க, மரத்தைப் புடுங்கச் சொன்னது நீங்களா?"

அவன் ஆமாம் என்றான்.

"நாளைக்கு நான் உங்க கட்டிங் டேபிளுக்கு வந்து, உங்களைக் கேக்காம துணிய வெட்டுனா சும்மா இருப்பீங்களா? இந்தக் காட்டுல கல்லுப் பொறுக்குனவ நானுங்க. இன்னொரு மரம் சாஞ்சா, அப்புறம் நீங்களே வந்து காட்டைப் பாத்துக்கோங்க. நான் எங்கப்பன் ஊட்டுக்குப் போயிருவேன்."

போனில் தையல் மிஷின் சத்தத்துக்கு நடுவே அழகுமலை தம்பியிடம் வண்டியை அனுப்பிவிடச் சொன்னான்.

புரட்டாசியில் அவள் வரைந்தபடியே நட்டார்கள். அழகுமலை மூன்று நாள் லீவு போட்டு வந்து குழி வெட்டினான். பிடுங்கிய இடத்தில் வெள்வேலங்கன்று வாங்கி வைத்துத் தருவதாகச் சொன்னான். அது நிழல் கொடுக்க எத்தனை வருசம் ஆகும் தெரியுமா என்று கேட்டாள். அவன் கடப்பாரையை எடுத்தான். கோபம் ஆறாமலே அவள் அளவுக் கயிற்றை இழுத்துப் பிடித்து, அடுத்த குழிக்கு இடம் காட்டினாள்.