கப்பித்தான் தாண்டிப்போன வாசல்

படத்தில் வருகிற விண்கலக் கப்பித்தான் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அரிப்பு என்கிற மீன்பிடி ஊரில் வந்திறங்கி, கொன்ஸ்ரன்ரைனின் வாசலைத் தாண்டிப் போய், பக்கத்து ஜுனைட் வீட்டில் சோறும் பாரைமீன் குழம்பும் சாப்பிட்டார். அன்றைக்குக் கணவாய் மீனுக்கு நல்ல விலை; சனமெல்லாம் கரையில் நின்றது. கொன்ஸ்ரன்ரைனுக்கு மட்டும் வயிறு எரிந்தது. அவர் வந்ததற்கல்ல, தன் வாசலைத் தாண்டிப் போனதற்குத்தான்.

அந்தப் படத்தின் கடைசியில், சனம் கத்திக்கொண்டு ஓடிவர, கப்பித்தான் கலத்தின் கதவைப் பூட்டிவிடுவார். உள்ளே இருந்த பிள்ளைகளைக் காப்பாற்றவா, தன் உயிருக்குப் பயந்தா? படமெடுத்தவன் கள்ளன், சொல்லாமல் விட்டுவிட்டான். கொன்ஸ்ரன்ரைன் அவரை நல்லவர் என்பார். வள்ளங்களுக்குப் பைபர் ஒட்டுகிற ஜுனைட், "அந்தாளுக்கே தெரியாது மச்சான்" என்பான். கப்பித்தானின் தலைக்கவசத்தைப் போலவே அச்சொட்டான ஒன்றைக் கனடாவிலிருந்து மச்சினன் அனுப்ப, கொன்ஸ்ரன்ரைன் கண்ணாடி அலுமாரியில் வைத்திருந்தார். ஜுனைட்டினது, வள்ளத்துக்கு ஒட்டி மிஞ்சிய றெசின் பசையில் தானே செய்தது. கிட்டப் போனால் வள்ளம் மணக்கும். தன்னுடைய கவசம் வெடித்துப்போய் மூச்சுக்குத் தவித்து வந்த கப்பித்தான் அந்த வள்ள நாற்றத்தைத்தான் தலையில் போட்டுக்கொண்டார்; சாப்பிடவும் குளிக்கவும் மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கழற்றுவார்.

கொன்ஸ்ரன்ரைன் தன்னுடையதை அரிசிச் சாக்கில் சுற்றிக்கொண்டு ஓடினார். கப்பித்தான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் திரும்ப நீட்டினார். படத்துக்கு இந்தியாக்காரர் குரல் கொடுத்த அதே தமிழில்தான் பேசினார்: "இது மந்திரிக்கப்பட்டிருக்கிறது. இதை அணிந்தால் நான் நல்லவன் என்று தீர்ப்பாகிவிடும். நான் நல்லவனா என்பது எனக்கே தெரியாது." மந்திரித்தது உண்மைதான். கோயில் பெருநாளில் வலையும் இயந்திரமும் மந்திரித்து ஆசீர்வதிக்கக் கரையில் பரப்பியபோது, ஊர் பார்க்கட்டும் என்று கவசத்தையும் வலைக்கு மேல் வைத்தவர் கொன்ஸ்ரன்ரைன். சுவாமியார் அதற்கும் சேர்த்துத் தீர்த்தம் தெளித்துவிட்டார்.

"அதென்ன, மீன் பிடிக்கவோ போகுது?" என்று மனைவி பெற்றிசியா அன்றைக்கே கேட்டவள்.

இரண்டு வருஷம் கப்பித்தான் ஜுனைட் வீட்டில் இருந்து வள்ளம் தேய்த்தார். கொன்ஸ்ரன்ரைன் வேலிக்கு மேலால் பார்த்துப் பார்த்து மெலிந்தார். கடைசியில், கப்பித்தான் குளிக்கக் கழற்றிக் கிணற்றுக்கட்டில் வைத்த கவசத்தைத் தன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். மூச்சைப் பிடித்தபடி, ஈரத் தலையோடு, கப்பித்தான் முதல் தடவையாக அவர் வீட்டுக்குள் வந்து கதிரையில் இருந்தார்.

"முதல்ல சொல்லுங்கோ. கதவைப் பூட்டினது காப்பாத்தவோ, ஓடித் தப்பவோ?"

"நீங்கள் இதை எடுத்தது என்மேல் உள்ள அன்பிலா, ஜுனைட்மேல் உள்ள எரிச்சலிலா?"

கொன்ஸ்ரன்ரைன் உள்ளுக்குள் தேடிப் பார்த்தார். கப்பித்தானின் முகம் நீலமாகிக்கொண்டு வந்தது.

"தெரியேல்ல" என்று சொல்லிக் கவசத்தைக் கொடுத்தார்.

"தெரியாத ரெண்டு பேரும் கையைக் கழுவிப்போட்டு வாங்கோ, சோறு ஆறுது" என்றாள் பெற்றிசியா.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் கப்பித்தானுக்குக் கொன்ஸ்ரன்ரைன் வீட்டில்தான் சாப்பாடு. பெற்றிசியாவின் நண்டுக் குழம்புக்கு அவர் இரண்டாம் தரமும் சோறு கேட்கிறார் என்று காதில் விழுந்த நாள் தொடக்கம், ஜுனைட் கொன்ஸ்ரன்ரைனோடு கதைப்பதில்லை.