குறித்த நாளில் செவிலியர் வருவார்

2007ஆம் வருடம், மார்ச் கடைசி வாரத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கன்னியம்மாள் நேரு வீதியில் இருந்த அந்த வெப் டிசைன் கம்பெனியின் மாடிப்படிகளை மூச்சு வாங்க ஏறி வந்தார். முப்பது வருடம் நர்சாக இருந்து ஓய்வு பெற்றவர். ரெட்டியார்பாளையத்தில் 'துணைக்கரம்' என்ற பெயரில், வீடுகளுக்கு நர்ஸ் அனுப்பும் சேவை ஒன்றை நடத்திக்கொண்டிருந்தார்.

"தம்பி, வெப்சைட்டு போட்டு ரெண்டு மாசம் ஆவுது. அதப் பாத்துட்டு ஒருத்தர்கூட வரல. பிரான்ஸ்ல இருக்கறவங்க எல்லாம் பாப்பாங்கன்னு சொன்னீங்களே?"

கம்பெனி முதலாளி இராமதாஸ் சிரித்து மழுப்பிவிட்டுப் பின்பக்கம் திரும்பினார். "சிந்துஜா, இன்னான்னு பாரும்மா."

சிந்துஜா பி.சி.ஏ. மூன்றாம் வருடம். கடைசி செமஸ்டரை ஏதாவது ஒரு கம்பெனியில் வேலை பழகிக் கழித்து, அங்கே செய்ததைப் புராஜெக்டாக எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது கல்லூரி விதி. ஜனவரியில் இங்கே வந்து சேர்ந்தாள். சம்பளம் கிடையாது, முடிவில் ஒரு சர்டிபிகேட். வந்த முதல் வாரமே இராமதாஸ் 'துணைக்கரம்' வேலையை அவளிடம் தூக்கிக் கொடுத்துவிட்டார். நிறம், படம், எழுத்து என்று எல்லாம் அவள் கையால் செய்தது. தளம் வெளியான அன்று, முதலியார்பேட்டையில் தன் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த பிரவுசிங் சென்டருக்கு அப்பாவை அழைத்துப்போய்க் காட்டினாள். மில் மூடிய பிறகு வாட்ச்மேன் வேலை பார்க்கும் கொளஞ்சிக்கு அதில் ஒன்றும் புரியவில்லை. இருந்தும் கடைக்காரரைக் கூப்பிட்டு, "என் பொண்ணு செஞ்சது" என்று சொன்னார்.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்து பென்ஷனோடு ஊர் திரும்பிய கிழவர்கள் புதுச்சேரியில் நிறையப் பேர். பிள்ளைகள் பிரான்சில் இருப்பார்கள். அந்தப் பிள்ளைகளுக்காகத்தான் தளம் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் இருந்தது. அதில் ஒரு படிவம். நோயாளியின் பெயர், முகவரி, எந்தத் தேதியிலிருந்து நர்ஸ் வேண்டும் என்பதை நிரப்பி அனுப்பினால் கன்னியம்மாளுக்கு மின்னஞ்சலாகப் போய்ச் சேர வேண்டும். அனுப்பியவருக்குத் திரையில் ஒரு செய்தி தெரியும். அதில் என்ன எழுதுவது என்று யாரும் சொல்லாததால் சிந்துஜாவே எழுதினாள். 'உங்கள் கோரிக்கை பதிவாகிவிட்டது. கவலை வேண்டாம். குறித்த நாளில் எங்கள் செவிலியர் உங்கள் வீட்டில் இருப்பார்.' இராமதாஸ் படித்துவிட்டு, "நல்லா இருக்கே" என்றார். பிரெஞ்சு டியூஷன் எடுக்கும் ஒருவர் அதை மொழிபெயர்த்துத் தந்தார்.

இப்போது சிந்துஜா படிவத்தில் எதையோ தட்டி அனுப்பிப் பார்த்தாள். செய்தி சரியாக வந்தது.

"ஃபார்ம் வேலை செய்யுது மேடம்."

"எனக்கு ஒண்ணும் வரலியே."

படிவத்தை மின்னஞ்சலாக மாற்றி அனுப்பும் ஃபைலைத் திறந்தாள். கன்னியம்மாளின் முகவரி இருக்க வேண்டிய வரியில், சோதனைக்காக ஜனவரியில் அவள் தொடங்கிய இலவச மின்னஞ்சல் முகவரி இருந்தது. வெளியிடும் முன் மாற்றியிருக்க வேண்டும். மாற்றவில்லை.

"பாத்து சரி பண்ணிட்றேன் மேடம்" என்று மட்டும் சொன்னாள். கன்னியம்மாள் படியிறங்கிப் போகும்வரை அந்த மின்னஞ்சல் பெட்டியைத் திறக்கவில்லை.

பதினாறு கடிதங்கள் இருந்தன. ஒன்பது அவளே சோதனைக்கு அனுப்பியவை. ஒன்று ஏதோ விளம்பரம். மீதி ஆறும் உண்மையானவர்கள் எழுதியவை. நான்கில் கட்டணம் விசாரித்திருந்தார்கள். ஐந்தாவது, அம்மாவுக்குப் பேச்சுத்துணைக்கு ஆள் கிடைக்குமா என்று கேட்டது. ஆறாவது பிரெஞ்சில் இருந்தது. அதை ஒரு மொழிபெயர்ப்புத் தளத்தில் ஒட்டினாள். உடைந்த ஆங்கிலத்தில் விஷயம் வந்தது.

மார்ச் மூன்றாம் தேதி எழுதியது. எழுதியவர் பெயர் கலைவாணி. அப்பா சாமிக்கண்ணு, வயது எழுபத்து மூன்று, முத்தியால்பேட்டையில் தனியாக இருக்கிறார். சர்க்கரை வியாதி. வலது பாதத்தில் புண். தினமும் கட்டு மாற்றும் கம்பவுண்டர், தன் மகளின் பிரசவத்துக்காக ஊருக்குப் போகிறார். பத்தாம் தேதியிலிருந்து தினமும் காலையில் நர்ஸ் வர வேண்டும்.

அன்று இருபத்தேழாம் தேதி.

இராமதாசிடம் போய்ச் சொன்னாள். அவர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது சார்."

"அட்ரச மாத்திடு. பழைய மெயில டெலிட் பண்ணிடு. சர்வர்ல பிரச்சினை இருந்துது, சரியாயிடுச்சுன்னு அந்தம்மாகிட்ட நான் சொல்லிக்கறேன்."

"அந்தப் பெரியவருக்கு இன்னா ஆச்சுன்னு…"

"நெட்ட நம்பி யாரு சும்மா இருப்பாங்க? போன் போட்டு வேற ஆளப் பாத்திருப்பாங்க. நீ போயி வேலையப் பாரு."

முகவரியை மாற்றினாள். கடிதங்களை அழிக்கவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் டப்பாவைத் திறக்காமலே கீழே இறங்கி, ஆட்டோ பிடித்து முத்தியால்பேட்டைக்குப் போனாள்.

இரும்பு கேட் போட்ட சின்ன வீடு. பூட்டியிருந்தது. அவள் நிற்பதைப் பார்த்து, எதிர்வீட்டில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பெண் வந்தாள். பெயர் அஞ்சலாட்சி என்று பிறகு தெரிந்தது.

"யாரும்மா, அவரத் தேடி வந்தியா? ஆஸ்பத்திரில இல்ல இருக்காரு."

"எப்பலேர்ந்துக்கா?"

"புதன்கெழம எடுத்துட்டுப் போனோம். கோரிமேட்டு ஆஸ்பத்திரில இருக்காரு. காலு பூரா வீங்கி, ஒரே நாத்தம். ஜொரத்துல பேச்சே கொழறிச்சி. அதுக்கப்பறம் நான் போயிப் பாக்கல." அவள் குரலைத் தாழ்த்தினாள். "நர்சு வரும் நர்சு வரும்னு தெனம் சட்ட மாட்டிக்கினு அந்த கேட்டாண்ட நாற்காலி போட்டு ஒக்காந்திருப்பாரு. நாலு நாளு பாத்தாரு. அப்பறம் அவரே வேட்டியக் கிழிச்சிக் கட்டிக்கினாரு. நான் கூட்டிப் போறேன்னாக்கூடக் கேக்கல."

"பொண்ணு போன் பண்ணலியா?"

"பண்ணுச்சே. அதுங்கிட்ட, வந்துட்டாங்க, நல்லா பாக்கறாங்கன்னு சொன்னாரு. நான் பக்கத்துலதான் நின்னேன். ஏன் இப்படிச் சொல்றீங்கன்னு கேட்டதுக்கு, அது வேல வெட்டிய உட்டுட்டு ஓடியாந்துடும்னாரு."

சிந்துஜா வீட்டுக்குப் போனாள். தலைவலி என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் படுத்தாள். அந்தக் கிழவர் பொய் சொன்னார் என்பதை அவள் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தாள். அவர் உண்மையைச் சொல்லியிருந்தால் மகள் அன்றைக்கே வேறு ஏற்பாடு செய்திருப்பாள். அது நிஜம்தான். ஆனால் சட்டை மாட்டிக்கொண்டு கேட் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்த நான்கு காலைப்பொழுதுகளை அது இல்லாமல் ஆக்கிவிடவில்லை.

மறுநாள் காலை கம்பெனிக்குப் போகாமல் ரெட்டியார்பாளையம் பஸ் ஏறினாள். ஒரே அறைதான் 'துணைக்கரம்' அலுவலகம். கன்னியம்மாள் ஒரு நோட்டில் யார் யாருக்கு எங்கே டியூட்டி என்று எழுதிக்கொண்டிருந்தார். சிந்துஜா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். அச்சடித்துக் கொண்டுவந்த ஆறு கடிதங்களையும் மேசைமேல் வைத்தாள்.

கன்னியம்மாள் திட்டவில்லை. நோட்டில் மார்ச் பத்தாம் தேதிப் பக்கத்தைத் திருப்பி விரலை ஓட்டினார்.

"நம்ம நர்சு துர்கா அந்த வாரம் பூரா சும்மாதான் இருந்தா" என்றார். "இங்கதான் ஒக்காந்து பூ கட்டிக்கினு இருந்தா. முத்தியால்பேட்டதான் அவளுக்கு வீடு."

சிந்துஜா அழ ஆரம்பித்தாள்.

"அழுவாத. அழுது இப்ப இன்னா ஆவப்போவுது? வா, போயிப் பாக்கலாம்."

ஆஸ்பத்திரியில் ஆண்கள் வார்டைக் கண்டுபிடிக்கவே அரைமணி ஆனது. சாமிக்கண்ணு கண்ணை மூடிப் படுத்திருந்தார். போர்வை வலதுபக்கம் முழங்காலுக்குச் சற்றுக் கீழேயே சரிந்து தட்டையாகியிருந்தது. சிந்துஜா அதைப் பார்த்துவிட்டு வேறு எங்கே பார்ப்பதென்று தெரியாமல் நின்றாள். அவர் பக்கத்தில் ஜீன்ஸும் கசங்கிய குர்தாவும் போட்ட நாற்பது வயதுப் பெண் உட்கார்ந்திருந்தாள். கலைவாணி சனிக்கிழமை வந்திருக்கிறாள். அவள் வருவதற்கு முந்தின நாளே அவருடைய வலது காலை வெட்டி எடுத்துவிட்டார்கள்.

கன்னியம்மாள் தான் யாரென்று சொன்னார். கலைவாணி எழுந்து, கைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தாள்.

"நானே உங்க ஆபீசுக்கு வரணும்னு இருந்தேன். போலீசுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டுடலாம்னு." தாளைப் பிரித்துக் காட்டினாள். திரையில் வந்த செய்தியை அவள் அச்செடுத்து வைத்திருந்தாள். "இதப் பாத்துட்டுத்தான் நான் நிம்மதியா இருந்தேன். இத எழுதனது யாரு?"

"அது எங்க ஆபீசோட…" என்று கன்னியம்மாள் தொடங்கினார்.

"நான்தான்" என்றாள் சிந்துஜா. "வெப்சைட்டு செஞ்சது நான். உங்க மெயிலு என் டெஸ்ட் அட்ரசுக்கு வந்துடுச்சு. மாத்த மறந்துட்டேன். நேத்துதான் பாத்தேன்."

கலைவாணி அவளை மேலும் கீழும் பார்த்தாள். இவ்வளவு சின்னப் பெண்ணை எதிர்பார்க்கவில்லை போலிருந்தது. ஆனாலும் அவள் கோபம் குறையவில்லை.

"குறித்த நாளில் வருவார்னு எழுதியிருக்கியே. எழுதும்போது யார நெனச்சி எழுதன?"

சிந்துஜாவுக்குப் பொய் வரவில்லை. "யாரையும் நெனைக்கலக்கா. அந்த எடம் காலியா இருந்துது. எதாவது எழுதணும்னு எழுதனேன்."

கட்டிலில் முனகல் கேட்டது. சாமிக்கண்ணு கண்ணைத் திறந்திருந்தார். "அதுங்கள ஒண்ணும் சொல்லாத வாணி. வந்தாங்கன்னு நான்தானே உங்கிட்ட சொன்னேன்."

"நீங்க சும்மா இருங்கப்பா." கலைவாணி தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள். சிந்துஜாவிடம், "நீ போ. உன்ன மன்னிச்சிட்டேன்னு சொல்லுவேன்னு எதிர்பாக்காத. போ" என்றாள்.

கன்னியம்மாள் அங்கேயே இருந்துவிட்டார். சிந்துஜா தனியாக வெளியே வந்து, பஸ் நிறுத்தத்தில் மூட்டை முடிச்சுகளோடு நின்ற நோயாளிகளின் கூட்டத்தில் கலந்தாள்.

அன்று மாலை கம்பெனிக்குப் போய் நடந்ததைச் சொன்னபோது இராமதாஸ் அவளை உட்காரச் சொல்லவில்லை. "கிளையண்டுகிட்ட நேராப் போயி சொல்லியிருக்க. என் பேரக் கெடுத்துட்ட. நாளைலேர்ந்து வராத" என்றார். சர்டிபிகேட் பற்றிக் கேட்டதற்கு, எந்தச் சர்டிபிகேட் என்று திருப்பிக் கேட்டார்.

மற்ற ஐந்து பேருக்கும் அவளே எழுதினாள். இரண்டு பேர் வேறு ஏற்பாடு செய்துகொண்டதாகப் பதில் போட்டார்கள். பேச்சுத்துணைக்கு ஆள் கேட்டவர் உட்பட மற்ற மூவரிடமிருந்து எதுவும் வரவில்லை.

கலைவாணி போலீசுக்குப் போகவில்லை. அப்பா சம்மதிக்கவில்லை என்பது கன்னியம்மாள் மூலம் தெரிந்தது. கன்னியம்மாள் தளத்தை மூடச் சொல்லிவிட்டார். சாமிக்கண்ணு வீடு திரும்பியதும், தினமும் கட்டு மாற்ற துர்காவை அனுப்பினார்.

கல்லூரியில் புராஜெக்டுக்குப் பொறுப்பான செல்வகுமார் சார், நடந்ததை முழுக்கக் கேட்டார். "சர்டிபிகேட் இல்லாம நான் ஒண்ணும் பண்ண முடியாதும்மா. நவம்பர்ல வேற புராஜெக்ட் பண்ணி எழுது" என்றார். வகுப்பில் எல்லோரும் பட்டம் வாங்கப் போகும் வருடத்தில் அவள் மட்டும் நிற்க வேண்டியிருந்தது. அதைக் கொளஞ்சியிடம் சொன்ன நாளில் அவர் வாட்ச்மேன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பிறகு, "அந்தப் பெரியவரு இப்ப எப்படி இருக்காரு?" என்று கேட்டார். தெரியாது என்றாள். போய்ப் பார்க்கும் தைரியம் அவளுக்கு இல்லை.

ஜூன் கடைசியில் ஒரு நாள், பெரிய மார்க்கெட் எதிரில் பஸ்ஸுக்காக நின்றபோது துர்காவைப் பார்த்தாள். ரெட்டியார்பாளையத்தில் முன்பு ஓரிரு முறை பார்த்த முகம். இவள்தான் அவள் என்று துர்காவுக்கும் தெரிந்திருந்தது.

"புண்ணு ஆறிடுச்சு" என்றாள் துர்கா, கேட்காமலே. "போன வாரம் அவரக் கூட்டிக்கினு போயிட்டாங்க. பிரான்சுக்கு. வீட்ட விக்கச் சொல்லி ஆளு வச்சிட்டாங்க."

"அவரு சரின்னுட்டாரா?"

"எங்க? பத்து வருஷமா கூப்பிட்டும் போவாத மனுஷன். பெஞ்சாதி செத்த வீடு, இங்கதான் கெடப்பேன்னு சொல்லிக்கினே இருந்தாரு. இப்ப தனியா எப்படி உடும் அந்தப் பொண்ணு? கார்ல ஏத்தறப்ப ஒண்ணும் பேசல. காலு போனப்பகூட நல்லாத்தான் பேசிக்கினு இருந்தாரு."

முத்தியால்பேட்டை பஸ் வந்தது. துர்கா கூடையைத் தூக்கிக்கொண்டு, "வரேன்" என்று சொல்லிவிட்டு ஏறினாள்.